மூங்கிலுக்குப் புகழ் தேடித் தந்த மேதை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (தாவரவியல்)

மூங்கில் என்றதும் நம் நினைவில் எழுவது எது? கவிஞனுக்குப் புல்லாங்குழல். குடியானவனுக்கு ஏணி. இல்லத்தரசிக்கு முறம். இறந்தவருக்கோ பாடை. பிறப்பு முதல் இறப்பு வரை நம்முடன் வரும் இந்த மூங்கில் மரமன்று, புல்லினத்தைச் சேர்ந்தது என்பதைத் தாவரவியல் பயிலும் நண்பர்கள் அறிவர். ஆனால் நம் நாட்டு மூங்கில் கப்பலேறி அமெரிக்கா சென்று, அங்கே ஓர் ஏழைத் தொழிலாளியின் கையில் தூண்டில் கோலாக மாறி உலகப் புகழ் பெற்ற வரலாற்றை அறிந்தோர் சிலரே. நானும் சென்ற ஆண்டு வரை அறியேன்.

என் தந்தை மூங்கில் வேலை செய்பவர். திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் கூடையும் முறமும் ஏணியும் செய்து விற்று என்னைப் படிக்க வைக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டில் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதினேன். மூங்கில் வேலை என்று எழுத என் கை கூசியது. அப்படிக் கூசிய கையைக் கொண்டுதான் இன்று இக்கட்டுரையை எழுதுகிறேன். காரணம், வகுப்புக் கருத்தரங்கிற்காக மூங்கிலைப் பற்றிப் படித்தபோது நான் சந்தித்த ஒரு மனிதர். அவர் பெயர் ஹைரம் லூயிஸ் லெனார்டு.

பிறப்பும் இளமையும்

லெனார்டு 1831-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் செபெக் என்னும் சிற்றூரில் பிறந்தார். அடர்ந்த காடும் ஆயிரக்கணக்கான ஏரிகளும் நிறைந்த குளிர் நாடு அது. இளமையில் அவர் உடல் நலம் அவ்வளவு நன்றாக இல்லை. காட்டுக் காற்றே அவருக்கு மருந்தாயிற்று. வேட்டையாடினார், மீன் பிடித்தார். பாங்கோர் என்ற நகரில் துப்பாக்கிகள் செய்தும் பழுது பார்த்தும் பிழைத்தார். இரும்பும் மரமும் அவருக்குக் கைவந்த பொருள்கள். மயிரிழை அளவும் பிசகாமல் வேலை செய்யும் பழக்கம் துப்பாக்கித் தொழிலில் வந்தது. இசையிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. குழல் வாசிப்பார் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

நம் காந்தியடிகளின் சிந்தனையைத் தூண்டியவர்களுள் ஒருவரான தோரோ, 1857-ஆம் ஆண்டு மெய்ன் காடுகளுக்குப் பயணம் சென்றபோது வழியில் லெனார்டைச் சந்தித்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அன்று லெனார்டு வெறும் வேட்டைக்காரர். உலகம் அவரை அறிந்து கொள்ள இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

ஈத் தூண்டில்

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நம் ஏரிக்கரையில் நாம் போடும் தூண்டிலில் முள் உண்டு, தக்கை உண்டு, மண்புழு உண்டு. புழுவை நீரில் இறக்கிவிட்டுத் தக்கை அமிழும் வரை காத்திருப்போம். மேலை நாட்டில் ட்ரவுட் என்ற மீனைப் பிடிக்க வேறொரு முறை இருக்கிறது. இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய் ஈ ஒன்றை முள்ளின்மேல் வைத்து, ஓடும் நீரின் மேற்பரப்பில் மெல்ல விழச் செய்வார்கள். மீன் அதை உண்மை ஈ என எண்ணிப் பாய்ந்து கவ்வும். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் ஆங்கிலேயர் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதும், அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிப்பகம் அமைத்ததும் இந்த விளையாட்டுக்காகவே.

பொய் ஈக்கு எடையே இல்லை. எடையற்ற பொருளை எப்படித் தொலைவில் எறிவது? இங்கேதான் கோலின் பெருமை விளங்குகிறது. எறியப்படுவது ஈ அன்று, கனமான நூல். கோல் பின்னுக்கு வளைந்து, வில்லைப் போல் நிமிர்ந்து, நூலை முன்னே செலுத்த வேண்டும். வளைய வேண்டும், ஆனால் துவளக் கூடாது. நிமிர வேண்டும், ஆனால் உதறக் கூடாது. அக்காலத்தில் பலவகை மரங்களைச் செதுக்கிக் கோல் செய்தனர். அவை கனத்தன, நாளடைவில் வளைந்தபடியே நின்றுவிட்டன.

ஆறு பத்தைகளின் அற்புதம்

1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெனார்டு தமக்காக ஒரு மரக்கோல் செய்தார். அதன் நேர்த்தியைக் கண்டோர் பாராட்டவே, பாஸ்டன் நகரின் பெரிய விளையாட்டுப் பொருள் கடை ஒன்றுக்கு அதை அனுப்பினார். கடைக்காரர்கள் வியந்தனர். மூங்கிலைப் பிளந்து நான்கு பத்தைகளாக ஒட்டிச் செய்த கோல் ஒன்றைக் காட்டி, இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டனர். முடியும் என்றார் லெனார்டு. அதுவரை அவர் மூங்கில் கோல் செய்தவரல்லர்!

மூங்கிலைப் பிளந்து ஒட்டும் முறையைக் கண்டவர் லெனார்டு என்று சொல்வது பொருந்தாது. பென்சில்வேனியாவில் துப்பாக்கியும் வயலினும் செய்த சாமுவேல் ஃபிலிப்பி என்பவர் 1840-களிலேயே அதைச் செய்தார். லெனார்டு செய்தது ஆறு பத்தைகளை இணைக்கும் முறையைப் பிழையற்றதாக்கி, எல்லாக் கோலும் ஒரே தரத்தில் வரும்படி அமைத்தது. ஒவ்வொரு பத்தையும் மூன்று பக்கமும் சமமான முக்கோணம். கோணம் அறுபது பாகை. ஆறு அறுபது முந்நூற்று அறுபது அன்றோ? ஆறும் கூடினால் நடுவில் வெற்றிடமே இல்லாத அறுகோணம் கிடைக்கிறது. அடியில் பருத்து நுனியில் ஊசியாக மெலிந்து செல்லும் ஆறு பத்தைகளும் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். கோலின் தடிமன் இரு மடங்கானால் அதன் விறைப்பு பதினாறு மடங்காகும் என்பதை இயற்பியல் நண்பர்கள் அறிவர். ஆகவே காகித அளவு கூடினாலும் குறைந்தாலும் கோலின் குணமே மாறிவிடும்.

மூங்கிலின் இரகசியம்

லெனார்டின் தொடக்ககாலக் கோல்கள் எந்த மூங்கிலால் ஆனவை தெரியுமா? நம் இந்திய நாட்டு மூங்கிலால்! கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து சென்றதால் அதற்குக் கல்கத்தா மூங்கில் என்று பெயர். அதன்மேல் தீயால் சுட்ட தழும்புகள் இருக்கும். பழைய கோல்களில் அந்தத் தழும்பைக் கண்டே அதன் தாயகத்தை இனங்காண்பர். டெண்ட்ரோகேலமஸ் ஸ்டிரிக்டஸ் என்று தாவரவியலார் கூறும் கல்மூங்கில் அது. காவலர் கைத்தடிக்கும் எங்கள் வீட்டு ஏணிக்கும் உதவும் அதே மூங்கில்.

மூங்கிலைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், நார்க்கற்றைகள் உட்புறம் அருகியும் வெளிப்புறம் நெருங்கியும் இருப்பதைக் காணலாம். வலிமையெல்லாம் தோலை ஒட்டியே இருக்கிறது. ஆதலால் கோல் செய்வோர் வெளிப்புற நாரைச் சீவமாட்டார்கள், உட்புறத்தையே சீவுவார்கள். ரம்பத்தால் அறுத்தால் நார் துண்டாகும். பிளந்தால் நார் தன் வழியே பிரியும். எனவே பிளப்பதே முறை.

இதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. என் தந்தை கூடைக்குப் பத்தை எடுக்கும்போது செய்வதும் இதுவே. அவருக்கு நுண்ணோக்கி தெரியாது. ஆனால் மேல்தோல் உள்ள பத்தையைத் தாங்கும் இடத்திற்கும், உட்சோற்றுப் பத்தையை நிரப்பும் இடத்திற்கும் என்று பிரித்து வைப்பார். ஆறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏனென்று ஒருநாளும் கேட்டதில்லை.

பூட்டிய அறை

கையால் சீவிக்கொண்டிருந்த பத்தைகளை, 1870-களின் பிற்பகுதியில் லெனார்டு தாமே அமைத்த ஓர் இயந்திரத்தால் சீவத் தொடங்கினார். அந்த இயந்திரத்தைப் பூட்டிய அறையில் வைத்துப் பிறர் கண்ணில் படாமல் காத்தார் என்பர். கோலின் துண்டுகளை இணைக்கும் உலோகக் குழல்களுக்கு 1875-இலும் 1878-இலும் காப்புரிமை பெற்றார். நியூயார்க் நகரத்து வணிகக் குடும்பம் ஒன்று பங்குதாரராயிற்று. 1881-இல் தொழிற்கூடம் நியூயார்க் மாநிலத்துச் சென்ட்ரல் வேலி என்ற ஊருக்கு மாறியது. அவர் செய்த கோல்கள் தூர எறியும் போட்டிகளில் பரிசுகளைக் குவித்தன.

அதே காலத்தில் நம் நாட்டிலும் தூண்டில் கலை எழுத்தில் ஏறியது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி 1873-இல் ஒரு நூலும், ஏரி குளங்களில் தூண்டிலிடுவது பற்றி 1887-இல் ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். நம் நாட்டு ஏரிகளைப் பற்றி அவர் எழுதிய காலத்தில், நம் நாட்டு மூங்கில் அமெரிக்க ஓடைகளில் வளைந்து கொண்டிருந்தது!

ஆனால் லெனார்டின் வாழ்வில் ஒரு கசப்பும் காத்திருந்தது. அவரிடம் தொழில் கற்ற ஃபிரெட் தாமஸ், யூஸ்டிஸ் எட்வர்ட்ஸ், எட்வர்ட் பெய்ன் முதலியோர் பிரிந்து சென்று தனித் தொழில் தொடங்கினர். அவர் சகோதரி குடும்பத்து ஹாஸ் சகோதரர்களும் பின்னர்த் தனியே கோல் செய்தனர். அறை பூட்டியே இருந்தது. கலையோ கைகளில் ஏறி வெளியே நடந்துவிட்டது. அந்த முதியவர் எவ்வளவு வருந்தியிருப்பார்!

எனினும், நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். பிரிந்து சென்ற சீடர்கள் ஒவ்வொருவரும் புகழ்பெற்ற கோல் செய்வோராயினர். அவர்தம் சீடர்கள் வழியே கலை அடுத்த தலைமுறைக்குச் சென்றது. 1907-இல் லெனார்டு கண்மூடினார். அவர் கையிலிருந்து நழுவிய கலை நின்றது.

நல்ல கோலைத் தேர்வது எப்படி?

நூறாண்டு கடந்த கோலையும் இன்று தேடி வாங்குவோர் உளர். அவர்கள் பார்ப்பவை இவை. முதலில் கோலைக் கண்ணருகே வைத்து நீளவாட்டில் நோக்குவர். கோணல் இருந்தால் தெரிந்துவிடும். அடுத்துப் பத்தைகள் ஒட்டிய வரிகளை நகத்தால் தடவுவர். இடைவெளி இருக்கக் கூடாது. கணுக்கள் ஆறும் ஒரே இடத்தில் சேராமல் முன்பின்னாக அமைந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் சேர்ந்தால் அவ்விடம் பலவீனமாகும். உலோக இணைப்பைப் பொருத்தி மெல்ல அசைப்பர். சத்தம் கேட்டால் தளர்ச்சி. நுனி உடைந்து குட்டையாகிவிட்டதா என்று அளப்பர். இறுதியாகக் கையில் பிடித்து மெதுவாக ஆட்டுவர். அசைவு அடி முதல் நுனி வரை தடையின்றி ஓட வேண்டும். விலை உயர்ந்தது என்பதால் நல்லதாகிவிடாது. பிடிப்பவர் கைக்கும், பிடிக்கும் மீனுக்கும், ஓடையின் அகலத்திற்கும் பொருந்துவதே நல்ல கோல்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா மூங்கிலின் இடத்தைச் சீன நாட்டு மூங்கில் பிடித்தது. டோங்கின் என்று வணிகர் பெயரிட்ட அது வளர்வது தென்சீனத்தின் குவாங்டாங் மாநிலத்தில். மக்ளூர் என்ற அமெரிக்கத் தாவரவியலார் அதற்கு அமாபிலிஸ், அதாவது விரும்பத்தக்கது, என்று பெயர் சூட்டினார். 1950-இல் அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை விதிக்கவே அந்த மூங்கிலும் வரவில்லை. கண்ணாடி இழைக் கோல்களும் பிறகு கரி இழைக் கோல்களும் சந்தையை நிரப்பின. ஆயினும் கையால் மூங்கில் கோல் செய்வோர் இன்றும் அற்றுப் போகவில்லை. காரணம், கலை ஓர் அறையில் அடைபடாமல் பல கைகளில் பரவியிருந்ததே.

நான் கற்ற பாடம்

லெனார்டின் வரலாறு என்னை ஒரு கேள்வி கேட்டது. அவர் அறையைப் பூட்டினார். ஆனாலும் கற்க விரும்பியோர் கற்றுக்கொண்டனர். என் தந்தையின் தாழ்வாரத்திற்குக் கதவே கிடையாது. கற்க அங்கே யார் வந்தார்? பெற்ற மகனே வரவில்லையே!

சென்ற பொங்கல் விடுமுறையில் அவர் அருகே அமர்ந்தேன். கல்வராயன் மலைப் பக்கமிருந்து வந்த மூங்கில் கட்டு ஒன்றைப் பிரித்துக் கொண்டிருந்தார். நல்ல மூங்கிலை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்று சிரித்தார். நான் குறிப்பேட்டைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. ஒரு மூங்கிலை எடுத்தார். விரல் கணுவால் தட்டிக் காட்டினார். முற்றியது கணீரென்றது, இளசு மந்தமாக ஒலித்தது. மேலே வெண்பொடி படிந்திருந்தால் இளசு என்றார். பச்சை மங்கிக் கணுவருகே சாம்பல் புள்ளி கண்டால் மூன்றாண்டு தாண்டியது என்றார். தேய்பிறையில் வெட்டியதைப் பூச்சி தொடாது என்றார். முன்னவற்றை என் பாடநூலும் ஏற்கும். கடைசியை ஆய்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தேன். இதுவரை பதினோரு குறிப்புகள் சேர்ந்திருக்கின்றன. அவருக்கு வலக்கண் பார்வை மங்கி வருகிறது. ஆதலால் விடுமுறைகளை வீணாக்குவதில்லை.

அன்று மாலை, மிச்சமிருந்த மூங்கில்களில் மெல்லியது ஒன்றைத் தேர்ந்து, நெருப்பில் வாட்டி நிமிர்த்து, எனக்கொரு தூண்டில் கோல் செய்து தந்தார். ஊர் ஏரியில் இரண்டு கெண்டை கிடைத்தன. உலகப் புகழ் பெற்ற கோலை நான் கண்டதில்லை. ஆனால் அந்தக் கோல் வளைந்து நிமிர்ந்தபோது லெனார்டு எதைத் தேடினார் என்பது என் கைக்குப் புரிந்தது.

இந்த ஆண்டு கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடம் மீண்டும் வந்தது. மூங்கில் வேலை என்று தெளிவாக எழுதினேன். கை கூசவில்லை.

வாழ்க உழைப்போர் கைகள்! வளர்க அவர்தம் கலை!