காற்றைக் காய வைத்தவர்

ஐப்பசி மழை பிடித்தால் எங்க அப்பா வேலை பார்க்கும் அச்சகத்தில் தகராறுதான். காகிதம் ஈரத்தை இழுத்து ஊதிக்கும். மஞ்சள் ஓட்டிவிட்டு அடுத்து நீலம் ஓட்டினா, கலர் தள்ளி உட்காரும்.

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கும் இதே தொல்லை. தீர்வு காணும் வேலை, பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில் வாரம் 10 டாலர் சம்பளத்தில் சேர்ந்திருந்த 25 வயது வில்லிஸ் கேரியரிடம் வந்தது.

1876-ல் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னக் கணக்கு ஏறாததால் அம்மா ஆப்பிளை அறுத்து வைத்துச் சொல்லிக் கொடுத்தாராம். உதவித்தொகையில் கார்னெல் பல்கலைக்கழகம் போனார். புல் வெட்டிச் செலவுக்குச் சம்பாதித்தார்.

குளிர்நீர்க் குழாய்கள் மேல் காற்றை ஓட்டி அச்சகத்தின் ஈரத்தை இறக்கினார். ஆனா முழு விடை பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில், மூடுபனி நடுவே நிற்கும்போதுதான் பிடிபட்டது. குளிர்ந்த நீரைத் தெளித்தே காற்றைக் காய வைக்கலாம்! தண்ணி தெளிச்சா ஈரம் குறையுமான்னு நானும் முதலில் நம்பல. நீர் போதுமான அளவு குளிர்ந்திருந்தால் காற்றிலுள்ள ஆவி அதிலேயே படிந்துவிடும். 1906-ல் காப்புரிமை கிடைத்தது. நம்மைப் பரீட்சையில் பயமுறுத்தும் சைக்ரோமெட்ரிக் சார்ட்டுக்கு அடிப்படையும் அவர் 1911-ல் வெளியிட்ட சூத்திரங்கள்தான்.

பிறகு கம்பெனி அந்தப் பிரிவையே மூட முடிவெடுத்தது. ஏழு பொறியாளர்கள் 32,600 டாலர் திரட்டி 1915-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள்.

1922-ல் சென்ட்ரிஃபியூகல் சில்லரைக் காட்டினார். அதுவரை பெரிய இடங்களுக்குப் பெரும்பாலும் அம்மோனியா பிஸ்டன் கம்ப்ரஸர், கசிந்தால் ஆபத்து. 1925-ல் நியூயார்க் ரிவோலி தியேட்டரில் புது மெஷினை ஓட்டினார்கள். விசிறியோடு வந்த ஜனம் ஒவ்வொருத்தராகக் கையை நிறுத்தியது. 1950-ல் கேரியர் இறந்தார்.

பெரிய விமான நிலையங்களில் மத்திய பிளாண்ட் ஒன்றில் சில்லர்கள் குளிர்நீர் தயாரித்து, குழாய் வழியே டெர்மினல்களுக்கு அனுப்பும். லாஸ் ஏஞ்சல்ஸில் 1961-ல் கட்டிய பிளாண்ட் ஐம்பது வருஷத்தில் கிழடாகிவிட்டது. விமான நிலையத்தை ஒரு நாள்கூட மூட முடியாதே! பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதியதைக் கட்டி மாற்றினார்கள்.

இதை அப்பாகிட்ட சொன்னேன். நம்ம அச்சகத்துக்கு எத்தனை டன் வேணும்னு கேட்டார். வீட்டில் யாரும் என்னிடம் பாடம் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஷெட்டை அளந்து வந்துட்டேன். கணக்கு இன்னும் முடியல.