தமக்குத் தாமே நீதி வழங்கிய புகழ்ச்சோழ நாயனார்

குற்றம் செய்தவரைத் தண்டிப்பது அரச நீதி. தம் ஆணைக்குட்பட்டோர் செய்த குற்றத்தைத் தமதென்று ஏற்றுத் தம்மையே தண்டித்துக்கொள்வது அடியார் நீதி. இவ்விரண்டும் ஒருவரிடத்தே பொருந்தி நின்ற வரலாறே, அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான புகழ்ச்சோழரின் திருவரலாறு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் போற்றிய இவரது பெருமையை, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார்.

உறையூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இச்சோழ வேந்தர், மேற்றிசை மன்னர்களின் திறையைப் பெறும்பொருட்டுக் கருவூருக்கு எழுந்தருளினார். அங்குள்ள ஆனிலை என்னும் திருக்கோயிலில் பசுபதீசுவரரை வழிபட்டு, அந்நகரிலேயே தங்கி அரசு செலுத்தினார்.

அந்நாளில் சிவகாமியாண்டார் என்னும் முதிய அடியார், விடியற்காலையில் எழுந்து நீராடி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மலர் பறித்து, பூக்கூடையைத் தண்டில் தாங்கிக் கோயிலுக்குக் கொண்டு செல்வது வழக்கம். மகாநவமிக்கு முதல் நாள், ஆற்றில் நீராடித் திரும்பிய பட்டத்து யானை அக்கூடையைப் பறித்துப் பூக்களைச் சிதறியது. முதுமையால் அதனைத் தொடர்ந்து ஓட இயலாத அடியார் நிலத்தில் விழுந்து, சிவபெருமானை அழைத்து அரற்றினார். அடியார்க்கு இடர் நேர்ந்தால் மழுவேந்தி முன்நிற்கும் எறிபத்த நாயனார் அக்குரலைக் கேட்டார். விரைந்து சென்று யானையை வீழ்த்தினார். யானையை அடக்கத் தவறிய பாகர் இருவரும் குத்துக்கோற்காரர் மூவரும் அவர் மழுவுக்கு இரையாயினர்.

செய்தியறிந்த வேந்தர் சினத்துடன் படை சூழக் குதிரையில் விரைந்தார். ஆயின், பகைவர் எவரும் அங்கில்லை. திருநீறணிந்த அடியார் ஒருவரே நின்றார். பிழையின்றி அடியார் கொன்றிரார் எனத் தெளிந்த மன்னர், குதிரையினின்றும் இறங்கினார். யானையால் அடியவர்க்குத் தீங்கு நேராமற் போனதே என மகிழ்ந்து, நடந்ததைப் பணிவோடு வினவினார். தண்டிக்கும் வல்லமை அனைத்தும் உடையவர், முதலில் கேட்டறிய முற்பட்டது எண்ணத்தக்கது.

உண்மையை அறிந்தபின் அவர் செய்ததோ அதனினும் அரியது. யானையும் பாகரும் இறந்தது இப்பிழைக்குப் போதாது, யானைக்கு உரிய தாமும் தண்டிக்கத்தக்கவரே எனக் கூறித் தம் உடைவாளை எறிபத்தரிடம் நீட்டினார். வாங்காவிடில் மன்னர் தம்மையே மாய்த்துக்கொள்வார் என்றஞ்சி வாளைப் பெற்ற எறிபத்தர், இத்தகைய அன்பருக்குத் தீங்கிழைத்தோமே என வருந்தி, அவ்வாளைத் தம் கழுத்தில் வைத்தார். வேந்தர் பாய்ந்து அவர் கையையும் வாளையும் பற்றினார். ஒருவர் குற்றத்தை மற்றவர் ஏற்கப் போட்டியிட்ட அவ்வேளையில், அடியார்களின் தொண்டை உலகறியச் செய்யவே இவை நிகழ்ந்தன என வானில் திருவாக்கு எழுந்தது. யானையும் ஐவரும் உயிர்பெற்றெழுந்தனர், பூக்கூடையும் நிறைந்தது. இதனை நினைவுகூர்ந்து கருவூரில் நவராத்திரி அட்டமியன்று பூக்குடலை விழா நடைபெறுகிறது.

பின்னர் ஒரு காலத்தில், அதிகன் என்னும் சிற்றரசன் திறை செலுத்தாதிருப்பதை அமைச்சர் தெரிவித்தனர். அவன் அரணை அழித்துவர மன்னர் ஆணையிட்டார். போரில் சோழர் படை வென்றது. அதிகன் தப்பியோடினான். வெற்றிக்கு அடையாளமாகக் கொணர்ந்த தலைகளை வேந்தர் பார்வையிட்டபோது, ஒரு தலையில் சடைமுடியைக் கண்டு நடுங்கினார்.

போர்க்களத்தில் அவர் இல்லை. வாளோங்கியதும் அவர் கையன்று. அவரைக் குற்றம் சாட்ட நாட்டில் ஒருவருமில்லை. ஆயினும் ஆணை தம்முடையது என்பதை அவர் மறக்கவில்லை. மைந்தனுக்கு முடிசூட்டுமாறு அமைச்சரைப் பணித்து, தீ வளர்க்கச் செய்தார். திருநீறணிந்து, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தம் முடிமேல் தாங்கி, திருவைந்தெழுத்தை ஓதியவாறு தீயை வலம்வந்து அதனுட் புகுந்தார். இறைவன் திருவடி நிழலை எய்தினார்.

அவர் தீப்புகுந்த செயல் அவருக்கே உரியது, பிறர் பின்பற்றுதற்கன்று. அதனுள் நின்ற அறமோ யாவர்க்கும் உரியது. பதவி உயர உயரக் கண்டிப்பு தம்மை நோக்கித் திரும்ப வேண்டும். பொறுமை பிறரை நோக்கிப் பெருக வேண்டும். பெட்டாலிங் ஜெயா முதலிய கிள்ளான் பள்ளத்தாக்கு ஊர்களின் ஆலயங்களில், விழாக்காலத்தே பணி செய்வோர் மிகப் பலர். நெரிசலில் பூசைத்தட்டு தவறலாம். இளந்தொண்டர் ஒருவரின் சொல் தடிக்கலாம். அவரைக் கடியுமுன் நடந்ததைக் கேட்பதும், பணியை ஒப்படைத்தவர் தம் பங்கை முதலில் ஏற்பதும் புகழ்ச்சோழர் காட்டிய நெறியாகும். பிள்ளைகளைத் திருத்தும் பெற்றோர்க்கும் இதுவே பொருந்தும்.

ஆடிக் கிருத்திகை இந்நாயனாரின் குருபூசைத் திருநாள். அன்று முருகப்பெருமானை வழிபட ஆலயத்திற்கு வரும் அன்பர்கள், இவ்வடியவரையும் சிந்தித்து வணங்கி, பிறர் பிழை பொறுக்கும் பெருமனமும் தம் பிழை பொறாத நேர்மையும் பெற்று, எல்லா நலன்களும் எய்தி வாழ்வார்களாக.