தமிழவேள் கோ. சாரங்கபாணி

அவர் சுயமரியாதைக் கொள்கையர். நம் மார்க்கத்தவர் அல்லர். நம் பொன்விழா மலரில் இவருக்கு ஏன் இடம் என்று இளையோர் கேட்கலாம். பிள்ளைகளின் தமிழ்க் கல்விக்கு அவர் பட்ட பாட்டை மறந்து இம்மலரை வெளியிட நமக்கு மனம் வரவில்லை.

1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்தார். 1935இல் தமிழ் முரசு அவர் முயற்சியால் வெளிவந்தது.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் இந்தியவியல் துறை தொடங்க எண்ணியபோது, அறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் சமஸ்கிருதத்திற்கே முதலிடம் தரலாம் என்றார். அவரும் தமிழ்நாட்டில் பிறந்தவரே! இங்கு வாழ்ந்த இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை மேலே எங்கே போகும்? சாரங்கபாணியார் முரசில் விடாது எழுதினார். தமிழ் எங்கள் உயிர் என்ற நிதியையும் திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளி என்றதால் கூலித் தொழிலாளியும் தரமுடிந்தது. 1956இல் துறை தொடங்கியபோது தமிழுக்கே முதலிடம் கிடைத்தது. நிதி, பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ் நூல்களுக்குப் பயன்பட்டது.

வாக்கில்லாதவர் குரலை அரசு எவ்வளவு கேட்கும்? அதனால்தான் குடியுரிமைக்குப் பதியுமாறும் தமிழரை வற்புறுத்தினார்.

1974இல் மறைந்தார். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் நிறுவிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டதை அவர் காணவில்லை. அதை மூடியது அரசு ஆணை மட்டுமா? பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்த பெற்றோரில் நாமும் இருந்தோம்.