புரூஸ் பூட் துரையும் பூர்வீகக் கற்களும்

ஏற்காட்டுக்குச் சென்று வந்தவர்கள் சேர்வராயன் கோயில் குகையைப் பற்றிப் பேசாமலிரார். 5,300 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள அக்குகை பூமிக்குள்ளேயே காவிரி வரையில் செல்கிறதென்பது ஐதிகம். அத்தகைய ஐதிகங்களில் நமக்கு வெறுப்பில்லை. ஆனால், அம்மலையில் தமது அந்திமக் காலத்தைக் கழித்த ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் நம் மண்ணிலிருந்து எடுத்துக் காட்டிய மர்மம் அதனினும் ஆழமானது. அவருடைய சரித்திரத்தை நம்மவர் அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

பூட் 1834ல் இங்கிலாந்தில் பிறந்தார். 1858ல் இந்திய நிலவியல் ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். அவர் மணந்தது பெர்சிவல் பாதிரியாரின் புத்திரியை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் உதவியுடன் பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான் அவர்.

பிரான்ஸ் தேசத்து ஆற்றுப் படுகைகளில் அகப்பட்ட கல்லாயுதங்கள் மனிதன் செய்தவையே என்று 1859ல் ஐரோப்பிய வித்வான்கள் ஒப்புக்கொண்டனர். அச்செய்தி பூட்டின் மனத்தில் தைத்திருந்தது. 1863 மே 30ந் தேதி, பல்லாவரம் பட்டாள மைதானத்தில் சரளை தோண்டிய ஒரு பள்ளத்தில், கைக்கோடரி போல் செதுக்கப்பட்ட கல்லொன்றைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. அதே வருஷம் செப்டம்பரில், கிங் என்னும் சகாவுடன் சேர்ந்து, கொற்றலை ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கற்களை மேலும் கண்டார். நமது தேசத்தின் வயது அன்றுவரை வேதங்களையும் இதிகாசங்களையும் கொண்டே கணக்கிடப்பட்டு வந்தது. அக்கணக்கு அன்றோடு மாறிற்று.

கர்நூல் ஜில்லாவின் பில்லசுர்க்கம் குகைகளை 1884ல் தம் குமாரரோடு அகழ்ந்தார். எனினும், பல்லாரிச் சீமையின் சாம்பல் மேடுகளில்தான் அவருடைய புத்தியின் கூர்மை நன்கு விளங்குகிறது. அம்மேடுகளில் ஒன்றைப் பீமன் கொன்ற இடும்பனின் சாம்பல் என்றும், ஹம்பிக்கு அருகிலுள்ள மற்றொன்றை வாலி தகனமான இடமென்றும் ஜனங்கள் சொல்லி வந்தனர். படித்த துரைமார்களோ எரிமலையென்றும் நரபலியென்றும் ஊகித்தனர். பூட் அவற்றைக் கையிலெடுத்துப் பார்த்து, பண்டைய மாட்டுப் பட்டிகளில் குவிந்த சாணம் எரிந்து உருகியது என்று தீர்மானித்தார். பலர் நம்பவில்லை. 1950களில் உட்னூரில் நடந்த அகழ்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அச்சாணத்தை ஏன் கொளுத்தினார்கள் என்பது மாத்திரம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

1891ல் உத்தியோகத்திலிருந்து விலகிய பின் பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் பணியாற்றினார். ஏற்காட்டில் குடியமர்ந்து, 400க்கு மேற்பட்ட இடங்களில் சேர்த்த பொருள்களை வகைப்படுத்தினார். சேர்வராயன் மலைவாசிகள் வழவழப்பான கற்கோடரிகளைத் தங்கள் சிறு கோயில்களில் வைத்து வழிபட்டு வந்தனர். இடியோடு வானத்திலிருந்து விழுந்தவை அவை என்பது பல தேசத்துப் பாமரரின் நம்பிக்கை. நம்பிக்கை தவறாயினும், கற்கள் பாதுகாக்கப்பட்டன. படித்தவர்கள் அவ்வளவுகூடச் செய்தோமில்லை.

அவருடைய சேகரம் 1904ல் சென்னை மியூசியத்திற்கு வந்தது. 1912 டிசம்பர் 29ந் தேதி கல்கத்தாவில் காலமானார். அவருடைய ஞாபகச் சின்னம் ஏற்காட்டுத் திருத்துவ தேவாலயத்தில் இருக்கிறது. அந்நிய சர்க்காரின் ஊழியர் என்பதற்காக அவருக்குரிய புகழை மறுப்பது நியாயமன்று.

மேடைதோறும் நமது தொன்மையை முழங்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம். அத்திரம்பாக்கத்துப் பழங்கற்கள் சுமார் 15 லட்சம் வருஷங்களுக்கு முந்தியவை என்று 2011ல் வெளியான ஆராய்ச்சி நிர்ணயித்தது. நம்மைப் போன்ற மனித ஜாதி உலகில் தோன்றியதோ ஏறத்தாழ 3 லட்சம் வருஷங்களுக்கு முன்னர்தான். ஆகவே, அவற்றைச் செய்தவர் தமிழருமல்லர், ஆரியருமல்லர். அவர்கள் யார்? ஆயுதம் அகப்பட்டிருக்கிறது, செய்தவனின் எலும்பு ஒன்றேனும் அத்திரம்பாக்கத்தில் அகப்படவில்லை. கோர்ட்டில் பழகியவர்களுக்கு இத்தகைய வழக்கின் கஷ்டம் தெரியும். இதற்குச் சாட்சி இருக்குமாயின், அது சரளைக்காகவும் செம்மண்ணுக்காகவும் லாரி லாரியாக நாம் வெட்டிச் செல்லும் பூமியில்தான் இருக்க வேண்டும்.