குப்ளாய் கானும் ஒரு தமிழ்க் கல்வெட்டும்

விடியற்காலையில் ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடற்கரையில் நடப்பது என் வழக்கம். அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே மயிலாப்பூர்க் கரை தெரியும். ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன்பு, இதே வங்கக் கடலைத் தாண்டித் தமிழ் வணிகர்கள் சீனத் துறைமுகங்களுக்குப் போய் வந்தார்கள். அப்போது சீனாவை ஆண்டவர் சீனர் அல்லர், மங்கோலியர். அவர் பெயர் குப்ளாய் கான்.

உலகையே நடுங்க வைத்த செங்கிஸ்கானின் பேரன்தான் குப்ளாய். 1215ஆம் ஆண்டு பிறந்தார். மங்கோலியப் பிள்ளைகள் நடை பழகும்போதே குதிரை ஏறவும் பழகிவிடுவார்கள். ஒன்பது பத்து வயதில் குப்ளாய் முதன்முதலாக வேட்டையாடியபோது, தாத்தா செங்கிஸ்கானே பேரனின் விரலில் கொழுப்பைத் தடவிச் சடங்கு செய்தாராம்.

தந்தை டொலுய் 1232இல் இறந்துவிட்டார். தாய் சொர்காக்தானி மிகக் கெட்டிக்காரர். பிள்ளைகளுக்கு வில்வித்தையோடு எழுத்தும் கற்பித்தார். வென்ற நாட்டு மக்களைக் கொள்ளையடித்தால் ஒருமுறைதான் கிடைக்கும், உழவு செய்ய விட்டால் ஆண்டுதோறும் வரி வரும் என்பது அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது. மகனுக்கு இது பட்டபிறகுதான் புரிந்தது!

1236இல் வட சீனாவில் ஏறத்தாழ 10,000 குடும்பங்கள் வாழ்ந்த ஒரு பகுதி குப்ளாய்க்குக் கிடைத்தது. அவரோ அங்கே போகாமல் அதிகாரிகளிடம் விட்டுவிட்டார். அவர்கள் வரிமேல் வரி போட்டார்கள். உழவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். வயல்கள் தரிசாயின. செய்தி தாமதமாகத்தான் எட்டியது. குப்ளாய் அந்த அதிகாரிகளை நீக்கி, வரியைக் குறைத்து, ஓடிப்போனவர்களைத் திரும்ப வரவழைத்தார். சீன அறிஞர்களை அருகில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவரிடம் வளர்ந்தது. போரில் அவர் இரக்கமே உருவானவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் படைகளாலும் எத்தனையோ ஊர்கள் அழிந்தன.

அண்ணன் மோங்கே கான் 1259இல் இறந்ததும், அரியணைக்காகத் தம்பி அரிக் போகேயுடன் குப்ளாய் நான்கு ஆண்டுகள் போரிட்டார். 1264இல் தம்பி பணிந்தார். 1271இல் தம் அரச மரபுக்கு யுவான் என்று பெயர் சூட்டினார் குப்ளாய். அவர் கட்டிய தலைநகரம்தான் இன்றைய பெய்ஜிங். 1279இல் தென் சீனாவும் முழுவதும் அவர் வசமானது.

அவர் ஆட்சியில் சாலைதோறும் அஞ்சல் குதிரை நிலையங்கள் இருந்தன. கடைத்தெருவில் காகிதப் பணம் புழங்கியது. அதைப் பார்த்து வியந்துபோனார் இத்தாலியப் பயணி மார்கோ போலோ. பிற்காலத்தில் செலவுக்குப் போதாமல் பணத்தை அளவுக்கு மீறி அச்சடித்ததால் விலைவாசி ஏறியது தனிக்கதை.

தென் சீனாவோடு பெரிய துறைமுகங்களும் கப்பல்களும் கைக்கு வந்தன. குப்ளாய் கடலைத் திரும்பிப் பார்த்தார். கொல்லத்துக்குத் தூதர் யாங் டிங்பியை அனுப்பினார். அவர் பாண்டிய நாட்டுக்கும் வந்தார். அப்போது மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி. பாண்டிய நாட்டிலிருந்தும் தூதர்கள் சீனா சென்றார்கள்.

இனி 1281ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்தச் சித்திரை மாதம், சீனாவின் குவான்சோ துறைமுகத்தில் சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் ஒரு சிவன் திருவுருவை எழுந்தருளச் செய்தார். திருக்கதலீச்சுரம் என்பது கோயிலின் பெயர். எதற்காக? அரசர் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காக! செகசை கான் என்று கல்வெட்டில் வரும் அந்த அரசர் குப்ளாய்தான் என்பது ஆய்வாளர் கருத்து.

ஆனால், அதே ஆண்டு அவருக்கு அடிமேல் அடி. அன்பு மனைவி சாபி காலமானார். வேட்டையின்போது கண்ணில் வெயில் படுகிறதே என்று கணவர் குறைப்பட்டபோது, தொப்பிக்கு முன்விளிம்பு வைத்துத் தைத்துக் கொடுத்தவர் அந்த அரசி. ஆகஸ்டு மாதம், ஜப்பானைப் பிடிக்கப் போன அவரது பெரும் கப்பற்படை புயலில் சிக்கிச் சிதறியது. 1274இல் ஒருமுறை தோற்றும் அவர் விடவில்லை. ஜப்பானியர் அந்தப் புயலைத் தெய்வக் காற்று என்றார்கள். 1293இல் ஜாவாவுக்குச் சென்ற படையும் தோற்றுத் திரும்பியது.

பட்டத்து இளவரசரும் தந்தைக்கு முன்பே இறந்தார். துயரத்தில் குப்ளாய் அளவின்றி உண்டார், குடித்தார். உடல் பருத்து, கீல்வாதத்தால் நடக்கச் சிரமப்பட்டார். 1294 பிப்ரவரியில் 78ஆம் வயதில் காலமானார். அதற்குச் சற்று முன்புதான் மார்கோ போலோ விடைபெற்றுக் கடல் வழியாக ஊருக்குப் புறப்பட்டார். பாண்டிய நாட்டைப் பற்றியும், மயிலாப்பூரில் உள்ள புனித தோமையார் கல்லறையைப் பற்றியும் அவர் நூலில் செய்திகள் உண்டு.

மங்கோலிய வழக்கப்படி குப்ளாயை அடையாளம் தெரியாமல் அடக்கம் செய்தார்கள். அந்த இடம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. சம்பந்தப் பெருமாளின் கல்வெட்டு மட்டும் 1956இல் குவான்சோவில் கிடைத்தது. தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்தும் அதில் இருக்கிறது. சிவன் கோயில் இன்று இல்லை. அதன் சிற்பங்கள் பல கிடைத்துள்ளன. அந்நகரத்துக் கையுவான் புத்தர் கோயிலுக்குப் போனால், நம்மூர் பாணியில் கண்ணன் சிற்பம் செதுக்கிய தூணைப் பார்க்கலாம்.