இடம் விட்டு வாசித்த இசைத் தலைவர் கவுண்ட் பேஸி

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

தலைவர் என்பவர் முன்னே நின்று முழங்குபவர் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பின்னே அமர்ந்து, பிறர் குரல் ஓங்க இடம் விட்டு, அதனாலேயே தலைவராய் உயர்ந்தவர்களும் உண்டு. அத்தகைய ஒருவரின் வாழ்க்கையை இங்கே கூற விழைகின்றேன். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழி அறியாதவர். ஆயினும் அவர் வளர்த்த இசை உழைப்பவர் வயலில் பிறந்தது. ஏலமலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு அது அந்நியமாகுமா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரெட் பாங்க் என்னும் ஊரில், 1904 ஆகஸ்டு 21ஆம் நாள் வில்லியம் ஜேம்ஸ் பேஸி பிறந்தார். தந்தை செல்வர் ஒருவரின் வீட்டில் வண்டியோட்டி. தாய் ஊரார் துணிகளைத் துவைத்துக் கொடுத்தவர். அந்தக் காசிலிருந்து பாடம் ஒன்றுக்கு 25 சென்ட் கொடுத்து மகனைப் பியானோ பயில வைத்தார் அத்தாய். மகனுக்கோ பள்ளிப் படிப்பில் நாட்டமில்லை. உள்ளூர்ப் படக்கொட்டகையில் எடுபிடி வேலை செய்து, ஊமைப்படங்களைக் காசில்லாமல் பார்த்தார். படத்துக்கு ஏற்ப வாசிக்கவும் கற்றுக்கொண்டார்.

1924ஆம் ஆண்டளவில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியை அடைந்தார். அங்கே புகழ்பெற்ற ஃபேட்ஸ் வாலரிடம் ஆர்கன் வாசிக்கும் நுட்பத்தைப் பயின்றார். 1927இல் அவர் சேர்ந்திருந்த நாடகக் குழு கான்சாஸ் சிட்டி நகரில் கலைந்தது. ஊர் திரும்ப வழியில்லை. வந்த துன்பமே வாழ்வின் திருப்பமாயிற்று. அந்நகரின் தெருக்களில் இரவெல்லாம் ஒலித்த 'ப்ளூஸ்' என்னும் இசை அவரை ஆட்கொண்டது.

ப்ளூஸ் என்பது யாது? 1865இல் அடிமை முறை ஒழிந்த பின்னும், தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் கூலிகளாய் உழன்ற கறுப்பின மக்களின் பாட்டிலிருந்து வளர்ந்த இசை அது. அதன் அமைப்பு எளியது. பெரும்பாலும் பன்னிரண்டு அளவுகள். அளவுக்கு 4 தட்டு. ஆக 48 தட்டுகள். பாடுபவர் ஓர் அடியைப் பாடுவார். அதையே மீண்டும் பாடுவார். மூன்றாம் அடியில் முடிவு சொல்வார். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் சிறிது இடம் கிடக்கும். அந்த இடத்திலேதான் கருவி பதில் சொல்லும்.

1929இல் பேஸி, பென்னி மோட்டன் என்பாரின் இசைக்குழுவில் சேர்ந்தார். 1935இல் தொண்டைச் சதை அறுவையின்போது மோட்டன் மறைந்தார். அதன்பின் பேஸி அக்குழுவினர் சிலரைக் கொண்டு ரெனோ கிளப் என்னும் விடுதியில் தம் குழுவைத் தொடங்கினார். பிரபு என்று பொருள்படும் 'கவுண்ட்' பட்டத்தை அவருக்குச் சூட்டியவர் ஒரு வானொலி அறிவிப்பாளர் என்றொரு கதை உண்டு. 1936இல் ஜான் ஹாமண்ட் என்னும் இசை ஆர்வலர் சிகாகோவில் தம் காரிலிருந்த வானொலியில் இக்குழுவைக் கேட்டு வியந்தார். குழு நியூயார்க் சென்றது. ஆனால் டெக்கா நிறுவனத்தோடு பேஸி செய்துகொண்ட முதல் ஒப்பந்தத்தில் உரிமைத்தொகை ஒரு காசும் இல்லை. 1937இல் வெளிவந்து அவர் புகழை நிலைநாட்டிய 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்' பன்னிரண்டளவு ப்ளூஸ்தான். ஏட்டில் எழுதி வைத்து வாசித்ததன்று; இரவுக்கிரவு ஒருவர் வாசிப்பை ஒருவர் கேட்டுக் கேட்டு உருவானது.

பேஸியின் தனிச்சிறப்பு யாதெனில், அவர் குறைவாக வாசித்தார். பத்து விரலும் ஓடக்கூடியவர், இரண்டே சுரங்களைத் தொட்டுவிட்டுக் கைகளை எடுத்துக்கொள்வார். மீதி இடம் பிறருக்கு. ஜிம்மி ரஷிங், ஹெலன் ஹியூம்ஸ், ஜோ வில்லியம்ஸ் எனப் பாடகர் பலர் அவ்விடத்தில் ஒளி பெற்றனர். 1937இல் பில்லி ஹாலிடே குழுவில் சேர்ந்து பாடினார். அவர் வேறு நிறுவனத்துக்கு ஒப்பந்தமானவர். ஆகவே இருவரும் சேர்ந்து இசைத்தட்டு வெளியிட இயலவில்லை. வானொலியில் ஒலித்தபோது பதிவான ஒருசில பாடல்களே இன்று எஞ்சியுள்ளன. பதியாத குரல் காற்றோடு போய்விடும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

1950இல் பணமுடையால் பெருங்குழு கலைந்தது. 1952இல் மீண்டும் எழுந்தது. 1959இல் நடந்த முதல் கிராமி விழாவில், அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பின ஆண்மகன் என்னும் பெருமை பேஸிக்குக் கிட்டியது. 1976இல் மாரடைப்பு வந்தும் அவர் ஓயவில்லை.

1980இல் அவர் செய்த செயலே என் நெஞ்சைத் தொட்டது. எழுபத்தைந்தாம் வயதில், தம் பெருங்குழுவோடு பாட பிக் ஜோ டர்னர், எடி வின்சன் என்னும் இரு மூத்த ப்ளூஸ் பாடகர்களை விருந்தினராய் அழைத்தார். 'கான்சாஸ் சிட்டி ஷவுட்' என்னும் இசைத்தட்டு பிறந்தது. டர்னர் இளமையில் அந்நகரின் மதுக்கடையில் கோப்பை எடுத்துக் கொடுத்தபடியே பாடியவர்; ஒலிபெருக்கி வேண்டாத குரல். அவர் ஓர் அடி பாடுகிறார். ஊதுகருவிகள் எல்லாம் சேர்ந்து பதில் சொல்கின்றன. நடுவே பேஸியின் பியானோ இரண்டு துளி. உலகப் புகழ் பெற்ற பின்னும் தாம் வளர்ந்த தெருவின் பாட்டை அவர் கைவிடவில்லை.

இதைக் கைப்பேசியில் கேட்டபோது என் அம்மாவை நினைத்தேன். விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு கடந்து, பூப்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போகிறவர் அவர். சாரலில் குனிந்து செடியின் தூரில் கிடக்கும் சரத்திலிருந்து பழுத்த காயாய்ப் பார்த்துப் பறிக்கையில், ஒருத்தி ஓர் அடி எடுப்பாள். மற்றவர்கள் பதில் பாடுவார்கள். விடுமுறையில் நானும் கூலிக்குச் செல்வதுண்டு. என்னைக் கண்டதும் பாட்டு நின்றுவிடும். காலேஜில் படிக்கிற பிள்ளை முன்னால் என்ன பாட்டு என்று கூச்சம். எங்கள் வீட்டில் முதன்முதல் கல்லூரி வந்தவன் நான். நான் பெறும் பட்டம் அம்மாவின் பாட்டை நிறுத்துமானால், அது எத்தகைய உயர்வு?

இதற்கு விடை பேஸியின் வாழ்வில் உள்ளது. கற்றவன் கொஞ்சம் பின்னே அமர வேண்டும்; குறைவாகப் பேச வேண்டும்; இடம் விட வேண்டும். அப்போது பாட்டு தானே எழும். எழுந்ததைப் பதிந்து வைக்க நம் எல்லோர் கையிலும் கருவி உண்டு. நண்பர்களே, வீட்டுக்கு ஒரு பாட்டு, பாடியவர் பெயரோடு, எழுதி வருவோமா? அடுத்த ஆண்டு மலரில் அதற்குச் சில பக்கங்கள் ஒதுக்குமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவோடு வேண்டுகிறேன்.

இறுதி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்து வாசித்த பேஸி, 1984 ஏப்ரல் 26இல் மறைந்தார். அவர் விட்ட இடத்தில் பிறர் பாடிய பாட்டு இன்றும் கேட்கிறது.