லூயி ஆர்ம்ஸ்டிராங்

சிரித்த முகத்தினன் மானமற்றவன் என்று எண்ணுவோர் உலகில் பலர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு, ஜாஸ் ஸங்கீத சக்கரவர்த்தியாக விளங்கிய லூயி ஆர்ம்ஸ்டிராங்கின் சரித்திரமே தக்க சான்று என்போம்.

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், 1901-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி, பரம ஏழைக் கறுப்பர் குடும்பத்தில் அவர் ஜனித்தார். 1912-ம் வருஷக் கடைசி இரவில் வீதியில் துப்பாக்கி வெடித்ததற்காகச் சிறுவர் சீர்திருத்த விடுதிக்கு அனுப்பப்பட்டார். தண்டனையாக வந்ததே வரமாயிற்று. அவ்விடுதியின் வாத்திய கோஷ்டியில்தான் கார்னெட் என்னும் ஊதுகருவியை அவர் முறையாகப் பயின்றார்.

1922-ல் தம் குருவாகிய ஜோ ஆலிவர் அழைக்கச் சிக்காகோ சென்றார். 1925 முதல் 1928 வரை ‘ஹாட் பைவ்’, ‘ஹாட் ஸெவன்’ என்னும் கோஷ்டிகளோடு அவர் பதிவு செய்த இசைத்தட்டுகள் ஜாஸின் போக்கையே மாற்றின. பலர் கூடி ஒருங்கே வாசிப்பதே அதுவரை பெருவழக்கு. தனி வித்வானின் மனோதர்மத்திற்கு அதில் முதலிடம் தேடித் தந்தவர் இவரே.

புகழ் பெருகவே பழியும் வந்தது. வெள்ளையர் மகிழச் சிரித்து நடிப்பவர் என்று அவருடைய இனத்தாரிலேயே சிலர் இகழ்ந்தனர். ஆனால், இரு நிறத்தாரும் சேர்ந்து வாசிப்பதை லூயிஸியானா சட்டம் தடுத்த காலத்தில், கலப்புக் கோஷ்டி நடத்திய அவர் பிறந்த ஊரையே துறந்திருந்தார். 1965-ல்தான் மீண்டும் அங்கே வாசித்தார்.

1957-ல் நடந்ததோ இன்னும் பெரிது. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாதென்று 1954-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தும், ஆர்க்கன்ஸா கவர்னர் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பு மாணவரைப் படை நிறுத்தித் தடுத்தார். தீர்ப்பைக் காக்க வேண்டிய ஜனாதிபதி ஐஸனோவர் தயங்கினார். ஆர்ம்ஸ்டிராங் அவ்விருவரையும் பகிரங்கமாகக் கண்டித்து, அரசாங்கத்தின் சார்பில் ஸோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த யாத்திரையையும் கைவிட்டார். நிருபர் தாம் எழுதியதைக் காட்டியபோது, சரியென்று அதில் தம் கைப்படக் குறித்தார். சில தினங்களில் ஜனாதிபதி துருப்புகளை அனுப்பி மாணவரைப் பள்ளிக்குள் சேர்ப்பித்தார். அதற்கு இவர் பேச்சே காரணமென்று நாம் சொல்ல வரவில்லை. பேசினால் பிழைப்புக்குக் கேடு வருமென்று அறிந்தும் பேசினார் என்பதே நமக்குப் பெரிது.

1971-ம் வருஷம் ஜூலை 6-ந் தேதி நியூயார்க்கில் அவர் காலமானார். 2001-ல் நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கலைஞன் ஊரை மகிழ்விக்கலாம். அதற்காக மானத்தை விலை பேச வேண்டுவதில்லை. இதுவே அவர் வாழ்ந்து காட்டிய பாடம்.